களியக்காவிளைக்கு 04651, பாறசாலைக்கு 0471: எஸ்.டி.டி. கோடு எப்படிப் பிரிந்தது, அழைப்பு எந்த வழியாகப் போகிறது?

களியக்காவிளையில் வீடு இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற பாறசாலைக்கு லேண்ட்லைனில் பேச 0471 போட வேண்டியிருக்கிறது. அதைவிடத் தள்ளியிருக்கும் குளச்சலுக்குக் கோடே வேண்டாம். சொந்த மாவட்டத் தலைநகரான நாகர்கோவிலுக்கோ 04652 வேண்டும். இதை யார், எந்தக் கணக்கில் பிரித்தார்கள்? எண்ணை அழுத்தியதும் அழைப்பு ஊரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மொபைலுக்கு மட்டும் ஏன் ஊர்க் கோடு இல்லை? கடைசியாக, நாகர்கோவிலுக்கு வீடு மாறினால் அப்பா காலத்து லேண்ட்லைன் எண்ணைக் கூடவே கொண்டுபோக முடியுமா?

கோடு பிரித்தது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. பிரித்தது காசு கணக்குக்காக. நாடு முழுவதையும் அவர்கள் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்.டி.சி.ஏ. என்று பெயர், குறுந்தொலைவுக் கட்டணப் பகுதி என்று சொல்லலாம். துண்டுக்குள்ளேயே பேசினால் லோக்கல் கட்டணம், தாண்டினால் எஸ்.டி.டி., அதாவது நேராக டயல் செய்யும் வெளியூர் அழைப்பின், கட்டணம் என்பதுதான் அடிப்படை. இந்தத் துண்டுகளை மறுபடி சேர்த்துக் கட்டி 322 பெரிய பகுதிகள் ஆக்கினார்கள். அதில் ஒன்று நாகர்கோவில். அதற்குள் இரண்டே துண்டுகள்: குழித்துறை 4651, நாகர்கோவில் 4652. முன்னால் வரும் 0 கோட்டில் சேராது. அதன் கதை தனி.

ஆக, மாவட்டம் மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம், அதாவது களியக்காவிளை, மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், தக்கலை, குளச்சல் எல்லாம் 04651. நாகர்கோவில், சுசீந்திரம், கன்னியாகுமரி, ஆரல்வாய்மொழி எல்லாம் 04652. உங்களுக்கும் குளச்சலுக்கும் நடுவே தூரம் எவ்வளவு இருந்தாலும் இரண்டும் ஒரே துண்டுக்குள் இருப்பதால் கோடு தேவைப்படவில்லை. கட்டணத்துக்கான தூரத்தையும் உங்கள் வீட்டிலிருந்து யாரும் அளக்கவில்லை. உங்கள் துண்டின் தலைமை எக்ஸ்சேஞ்ச் இருக்கும் இடத்திலிருந்து அடுத்த துண்டின் தலைமை இடம் வரைக்கும் நேர்கோட்டில் அளந்தார்கள். எல்லையில் குடியிருப்பவன் தலையெழுத்து அது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனோடு பேசினாலும் கணக்கு குழித்துறையிலிருந்துதான். பக்கத்துத் துண்டையும் லோக்கல் கட்டணத்தில் சேர்த்தது பிற்பாடு வந்த சலுகை.

பாறசாலை ஏன் நம் துண்டில் இல்லை? 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. டெலிபோன் நிர்வாகத்தின் பெரிய வட்டாரங்களான சர்க்கிள்களும் பெரும்பாலும் மாநில எல்லையையே பிடித்துக்கொண்டன. பாறசாலை கேரள சர்க்கிளில் திருவனந்தபுரம் துண்டுக்குள் போயிற்று. கிழக்கே பார்த்தாலும் இதே கதைதான். அஞ்சுகிராமம் தாண்டி ராதாபுரம் தாலுகாவுக்குள் போய்விட்டால் கூடங்குளத்துக்கு 04637.

மாநில எல்லைதான் எல்லா இடத்திலும் வேலியா என்றால், இல்லை. புதுச்சேரியைப் பாருங்கள். புதுச்சேரிக்கு 0413, காரைக்காலுக்கு 04368; இரண்டும் தமிழ்நாடு சர்க்கிளோடு ஓடுகின்றன. அதே யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹே தலச்சேரியோடு சேர்ந்து 0490, யானம் ஆந்திரத்தோடு சேர்ந்து 0884. கேபிள் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக் கோடு. நம்மூரிலேயே வேடிக்கை ஒன்று உண்டு. பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ஆனால் அரண்மனை டெலிபோனுக்குத் தக்கலையின் 04651 தான். கேபிளுக்கு நிர்வாகம் தெரியாது.

இனி எண்ணை எக்ஸ்சேஞ்ச் எப்படிப் படிக்கிறது என்று பார்ப்போம். விஷயத்தின் சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது.

தபால் பின் கோடு எல்லா ஊருக்கும் ஆறு இலக்கம். 629 என்று தொடங்கினால் நம் மாவட்டம், 695 என்றால் திருவனந்தபுரம் பக்கம். முழுசாகப் படித்துவிட்டுப் பிரித்தால் போதும். எஸ்.டி.டி. கோடு அப்படி இல்லை. சென்னைக்கு 44 என்று இரண்டு இலக்கம், திருநெல்வேலிக்கு 462 என்று மூன்று, நமக்கு 4651 என்று நான்கு. கோடு எங்கே முடிகிறது, சந்தாதாரர் எண் எங்கே தொடங்குகிறது என்று நடுவில் புள்ளி வைத்துக் காட்ட யாரும் இல்லை. பிறகு எக்ஸ்சேஞ்சுக்கு எப்படித் தெரியும்?

ஒரு விதி இருக்கிறது: ஒரு ஊரின் முழுக் கோடு இன்னொரு ஊர்க் கோட்டின் தொடக்கமாக இருக்கக் கூடாது. 44 சென்னைக்குக் கொடுத்தாகிவிட்டது என்றால் 441, 4425 என்று எந்த ஊருக்கும் கோடு கொடுக்க முடியாது. 461 தூத்துக்குடி, 462 திருநெல்வேலி. இவை இரண்டும் மூன்று இலக்கத்தில் முடிந்துவிட்டன. 463 என்று மட்டும் எந்த ஊரும் கிடையாது, ஏனென்றால் அதற்கடுத்து இன்னொரு இலக்கம் சேர்த்து நெல்லைச் சீமையின் ஊர்களுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள்: 4633 தென்காசி, 4634 அம்பாசமுத்திரம், 4637 வள்ளியூர். அதே மாதிரி 465 என்ற தனி ஊர் இல்லை. 4651, 4652 தான் உண்டு. 46 என்றாலே தமிழ்நாடு என்றும் நினைத்துவிட வேண்டாம். 468 பத்தனம்திட்டா, 469 திருவல்லா. எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு இலக்கமாக வாங்குகிறது. நான்கு வந்ததும் தெற்கே என்று தெரிகிறது. அடுத்து ஆறு, அப்புறம் ஐந்து. இப்போதே நாகர்கோவில் பெரிய பகுதி என்று தெரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒன்றா இரண்டா என்பதுதான் பாக்கி. கடைசி இலக்கம் வரும் முன்பே அழைப்பு எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

முதல் இலக்கத்திலும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். டெல்லி, பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் 1, மகாராஷ்டிரம், குஜராத் 2, வங்கமும் வடகிழக்கும் 3, உத்தரப் பிரதேசம் 5. பெரிய நகரங்களுக்கு டெல்லி 11, மும்பை 22, கொல்கத்தா 33, சென்னை 44 என்று நாக்கில் ஒட்டும் எண்கள். அமெரிக்காக்காரன் 1947ல் ஏரியா கோடு பிரித்தபோது வேறு கணக்குப் போட்டான். அன்றைக்குச் சுழற்றுகிற டயல். 1க்கு ஒரு துடிப்பு, 9க்கு ஒன்பது, 0க்குப் பத்து. அதிகம் பேர் கூப்பிடும் நியூயார்க்குக்கு 212, சிகாகோவுக்கு 312 என்று விரல் சீக்கிரம் திரும்புகிற எண்களைக் கொடுத்தான்.

நம்முடையதில் நீளம்தான் முக்கியம். கோடும் சந்தாதாரர் எண்ணும் சேர்ந்து எப்போதும் பத்து இலக்கம். சென்னையில் 2 + 8, திருவனந்தபுரத்தில் 3 + 7, மார்த்தாண்டத்தில் 4 + 6. சென்னைக்குக் கோடு சின்னதாக இருப்பது கௌரவத்துக்காக இல்லை, எண்ணுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதற்காக. ஆறு இலக்கத்தில் நமக்குப் பத்து லட்சம் எண் கிடைக்க வேண்டும், ஆனால் கிடைக்காது. 0ல் தொடங்கினால் வெளியூர், 1ல் தொடங்கினால் 100, 108, 112 மாதிரியான சேவைகள், 7, 8, 9 மொபைல். மிச்சம் இருப்பது 2 முதல் 6 வரை. தனியார் கம்பெனிகள் லேண்ட்லைனுக்குள் வந்தபோது இந்த முதல் இலக்கத்தைத்தான் பங்கு போட்டார்கள். அரசு டெலிபோனுக்கு 2. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்: ஐந்து இலக்கமாக இருந்த எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 2000களின் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. கடை போர்டுகளில் பழைய எண்ணுக்கு முன்னால் வேறு நிறத்தில் ஒரு 2 ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

சரி, இப்போது மார்த்தாண்டத்தில் ஒருவர் ரிசீவரைத் தூக்கி நாகர்கோவிலுக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய செம்புக் கம்பி இணைப்பு.

வீட்டிலிருந்து இரண்டு கம்பிகள் போஸ்டில் இருக்கும் டி.பி. பெட்டிக்குப் போகின்றன. அங்கிருந்து ரோட்டோர பில்லர், பில்லரிலிருந்து மண்ணுக்கடியில் கனத்த கேபிள், எக்ஸ்சேஞ்சுக்குள் எம்.டி.எஃப். என்ற பெரிய இரும்புச் சட்டம். சட்டத்தின் ஒரு பக்கம் ஊரிலிருந்து வரும் கேபிள், மறுபக்கம் ஸ்விட்ச். இரண்டையும் இணைப்பது ஜம்பர் என்கிற மெல்லிய முறுக்குக் கம்பி. உங்கள் வீட்டு எண் உங்கள் வீட்டில் இல்லை. இந்த ஜம்பர் ஸ்விட்சில் எந்த இடத்தில் செருகியிருக்கிறதோ அதுதான் எண். ஜம்பரை மாற்றினால் அந்த நிமிடமே பக்கத்து வீட்டு எண் உங்களுக்கு வந்துவிடும்.

கம்பியில் எப்போதும் 48 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் கரண்ட் போனாலும் பழைய போன் வேலை செய்தது. எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறை போட்ட சோறு அது. ரிசீவரைத் தூக்கியதும் சுற்று மூடிக் கரண்ட் ஓடுகிறது, எக்ஸ்சேஞ்ச் விழித்துக்கொண்டு டயல் டோன் கொடுக்கிறது. பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரண்டு ஸ்வரம் ஒரே சமயத்தில் கேட்கும். 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து வரும். இரண்டும் சேர்ந்தால்தான் இலக்கம் என்று வைத்ததால், பேச்சுச் சத்தத்தையோ பின்னால் அழும் குழந்தையையோ எக்ஸ்சேஞ்ச் எண்ணாக எடுத்துக்கொள்ளாது.

முதலில் 0. வெளியூர் என்று தெரிந்துவிட்டது. 4652 வந்ததும், நாகர்கோவில் பக்கம் போகிற தடம் எது என்று தன் பட்டியலைப் பார்க்கிறது. தடம் கிடைத்ததும் பேச்சுக்கு முன்னால் ஒரு செய்தி போகிறது: இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு, இந்தச் சுற்றில் அனுப்புகிறேன். எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் இதை சி.சி.எஸ்.7 என்பார்கள். பேச்சு ஒரு வழி, இந்தச் செய்தி தனி வழி. நாகர்கோவில் எக்ஸ்சேஞ்ச் அந்த எண் சும்மா இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மணியடிக்கிறது, முழு முகவரியும் கிடைத்தது என்று திருப்பிச் செய்தி அனுப்புகிறது. எடுத்தவுடன் இன்னொரு செய்தி. மீட்டர் ஓடத் தொடங்குவது அந்த நொடியில்தான். மணியடிக்கிற நேரத்துக்குக் காசு இல்லை என்பது இதனால். எண் பிஸியாக இருந்தால் பேச்சு வழியைப் பிடித்து வைத்திருக்கவே வேண்டாம். செய்தியோடு கதை முடிந்துவிடும்.

நேர்த்தடம் நிரம்பியிருந்தால்? டிஜிட்டல் தடம் ஒன்றில் முப்பது பேர் ஒரே சமயத்தில் பேசலாம். முப்பத்தொன்றாவது ஆள் வந்தால் எக்ஸ்சேஞ்ச் அடுத்த வழியைத் தேடுகிறது. வெளியூர் அழைப்புகளைச் சேர்த்து அனுப்புவதற்காக மேலே இருக்கும் டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிப் பார்க்கிறது. துறைக்காரர்கள் அதை டாக்ஸ் என்பார்கள். வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கேயும் இடமில்லை என்றால்தான் இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று அந்த அம்மாவின் குரல் வரும். பண்டிகை நாளிலும், கல்ஃபிலிருந்து எல்லாரும் வீட்டுக்குக் கூப்பிடும் வெள்ளிக்கிழமையிலும் அந்தக் குரலை நம் மாவட்டம் போதும் போதும் என்று கேட்டிருக்கிறது.

பாறசாலைக்கு உங்கள் அழைப்பு போகும் வழியும் இதே விதிப்படிதான். இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவே நேர்த்தடம் போட்டிருந்தால் நேராகப் போகும். இல்லையென்றால் மேலே ஏறி, டிரங்க் எக்ஸ்சேஞ்சுகள் வழியாகத் திருவனந்தபுரத்தில் இறங்கி, தெற்கே திரும்பி வந்து பாறசாலையில் மணியடிக்கும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுகிற வேலைதான். ஆனால் ஃபைபரில் அதற்கு ஆகும் நேரம் உங்கள் காதுக்குத் தெரியாது. அதனால் வழியின் நீளத்தைப் பற்றி எந்த எக்ஸ்சேஞ்சும் கவலைப்படுவதில்லை, இடம் காலியா என்பதுதான் கேள்வி.

முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்சுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஸ்ட்ரோஜர் என்பவர் 1891ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில் ஆபரேட்டரே இல்லாத கருவியைச் செய்தார் என்று இன்றும் கதை சொல்வார்கள். அதில் நீங்கள் 4 சுற்றினால் உலோகக் கை நான்கு படி ஏறும். அடுத்த இலக்கம் அடுத்த கையை நகர்த்தும். எண்தான் வழி. எந்த இலக்கமும் மாற்று வழியைத் தேடாது. பிற்கால எக்ஸ்சேஞ்ச் இலக்கங்களை வாங்கி வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கியதுதான் பெரிய மாற்றம். எண்ணும் வழியும் அங்கேதான் பிரிந்தன. இதற்கு மேல் சொல்லப்போகிற மொபைல் விவகாரம் எல்லாம் அந்தப் பிரிவின் தொடர்ச்சி.

நம் நாட்டில் எஸ்.டி.டி. 1960 நவம்பரில் கான்பூர், லக்னோ இடையே தொடங்கியது. அதற்கு முன்பும், நம்மூர்களில் அதற்கு வெகுகாலம் பின்பும், ஆபரேட்டரிடம் டிரங்க் கால், அதாவது வெளியூர் அழைப்பு, புக் செய்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கம். அவசரம் என்றால் இரட்டிப்புக் காசு, லைட்னிங் என்றால் இன்னும் பல மடங்கு. 1984ல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் ஏ.சி. இல்லாத அறையிலும் தாங்குகிற சின்ன கிராம எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்த பிறகுதான் கிராமங்கள் நேராக டயல் செய்யத் தொடங்கின. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகளும், சிவப்பு எழுத்தில் ரூபாய் ஏறுகிற மீட்டரும், ராத்திரி ரேட் குறைகிற நேரத்துக்காக பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வரிசையும் அதற்குப் பின்னால் வந்தவை.

மொபைலுக்கு வருவோம். அதற்கும் ஒரு கோடு உண்டு, ஆனால் அது ஊரைச் சொல்லாது. எண்ணின் முதல் நான்கைந்து இலக்கம் கம்பெனியையும் சர்க்கிளையும் சொல்லும்படி பங்கு வைத்தார்கள். 9443 என்றால் பி.எஸ்.என்.எல். தமிழ்நாடு, 9447 என்றால் பி.எஸ்.என்.எல். கேரளம். எல்லைப்புற ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்ததும் அந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுவார்கள். குழித்துறை, தோவாளை என்று பிரிக்காததற்குக் காரணம் எளிது. லேண்ட்லைனில் எண் ஒரு ஜம்பரில் செருகியிருக்கிறது. மொபைல் எண் எங்கும் செருகப்படவில்லை. ஆள் போகிற இடமெல்லாம் போகிறது.

அதனால் மொபைலைக் கூப்பிடும்போது நெட்வொர்க் முதலில் விசாரிக்கிறது. ஒவ்வொரு கம்பெனியிலும் சந்தாதாரர் பேரேடு ஒன்று இருக்கிறது. உங்கள் போன் ஆன் ஆனதும், அல்லது ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்த வட்டாரத்துக்குப் போனதும், நான் இங்கே இருக்கிறேன் என்று அந்தப் பேரேட்டுக்குத் தகவல் சேர்கிறது. யாராவது கூப்பிட்டால் அழைப்பு பேரேட்டைக் கேட்கும். பேரேடு அந்த ஆள் இப்போது இருக்கும் வட்டார ஸ்விட்சைக் கேட்கும். அந்த ஸ்விட்ச் தற்காலிகமாக ஒரு எண்ணை எடுத்துக் கொடுக்கும். அழைப்பு ஓடுவது அந்தத் தற்காலிக எண்ணை வைத்து. சில நொடிகளில் அந்த எண் வேறு ஆளுக்குப் போய்விடும். நீங்கள் அழுத்திய பத்து இலக்கம் வெறும் பெயர். 4ஜி வழியாகப் பேசும்போது கருவிகளின் பெயர் மாறுகிறது, பேச்சு டேட்டாப் பொட்டலமாகப் போகிறது, ஆனால் விசாரித்துவிட்டுப் போகிற முறை அதேதான்.

இருந்த கொஞ்ச அர்த்தத்தையும் எண் மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி எடுத்துவிட்டது. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20ல் நாடு முழுவதும் வந்தது. அப்போது ஒரே சர்க்கிளுக்குள் மட்டும்தான். 2015 ஜூலையிலிருந்து சர்க்கிள் தாண்டியும் கொண்டுபோகலாம் என்றானது. 98420 என்று தொடங்கும் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஏர்செல்லுக்கு ஒதுக்கியவை. 2018ல் ஏர்செல் மூடிவிட்டது. ஆனாலும் அந்த எண்கள் நம்மில் பலர் கையில் இன்றும் அடிக்கின்றன. எப்படி? கூப்பிடுகிற பக்கத்து கம்பெனி, அழைப்பை அனுப்பும் முன் மாறிய எண்களின் பட்டியலைப் பார்க்கிறது. எண் அதில் இருந்தால், இப்போது எந்தக் கம்பெனி, எந்த சர்க்கிள் என்று சொல்லும் நான்கு இலக்க ரூட்டிங் எண் ஒன்று கிடைக்கும். அதை முன்னால் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். போர்ட் செய்த புதிதில் ஒரு நாள் சிலரிடமிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை, ஓ.டி.பி. வரவில்லை என்று சொல்வோமே, அப்போது ஏதோ ஒரு கம்பெனியின் பட்டியல் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்று அர்த்தம். கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

0 பற்றிச் சொல்கிறேன் என்றேன். 0 என்றால் வெளியே போகிறேன், 00 என்றால் நாட்டைவிட்டே வெளியே போகிறேன். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலைக் கூப்பிட்டாலும் 0 சேர்க்கச் சொன்னார்கள். பலருக்கு எரிச்சல். ஆனால் காரணம் நியாயமானது. 0 இல்லாமல் மொபைலைக் கூப்பிட விட்டால், லேண்ட்லைன் எண் தொடங்கும் 2 முதல் 6 வரையிலான இலக்கங்களில் மொபைல் எண் கொடுக்க முடியாது; 6ல் ஏற்கெனவே இடிக்கத் தொடங்கியிருந்தது. 0 சேர்த்துவிட்டால் எக்ஸ்சேஞ்சுக்குக் குழப்பமே இல்லை. இப்படி 254 கோடிக்கு மேல் புது எண்களுக்கு இடம் கிடைக்கும் என்பது கணக்கு. மொபைலிலிருந்து மொபைலுக்கு 0 தேவையில்லை என்பதால் பெரும்பாலானோர் இதைக் கவனிக்கவே இல்லை.

வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவர்கள் செய்கிற தவறும் இந்த 0 தான். துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ வீட்டு லேண்ட்லைனுக்கு 00 91 என்று போட்டு, பிறகு 04651 என்று முழுசாகப் போடுவார்கள். 0 இந்தியாவுக்குள் இருக்கிறவருக்கான கதவு. வெளியிலிருந்து வருகிறவருக்கு அது வேண்டாம். 91க்குப் பிறகு நேராக 4651. மொபைல் எண்களைக் கூட்டல் குறியும் 91ம் சேர்த்தே பதிந்து வைத்துவிட்டால் எந்த நாட்டுக்குப் போனாலும் தொல்லை இல்லை.

உங்கள் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. களியக்காவிளை, ஊரம்பு பக்கம் போன் சில இடங்களில் கேரளத்து டவரைப் பிடித்துவிடும். சிம்முக்குள் நாடு, கம்பெனி, சர்க்கிள் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது. பி.எஸ்.என்.எல். என்றால் தமிழ்நாட்டுக்கு 404 80, கேரளத்துக்கு 404 72. டவரும் தன் எண்ணை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் போன் ரோமிங் என்று காட்டும். இப்போது ரோமிங்குக்குத் தனிக் காசு வாங்குவதில்லை என்பதால் பரவாயில்லை. ஆனால் 112 அழுத்தினால் அழைப்பு உங்கள் எண்ணைப் பார்த்துப் போகாது, டவரைப் பார்த்துப் போகும். டவர் அந்தப் பக்கத்தது என்றால் அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையில் மலையாளத்தில் எடுப்பார்கள். எல்லையோரம் விபத்து என்றால் முதல் வாக்கியத்திலேயே ஊர்ப் பெயரையும் தமிழ்நாடு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, லேண்ட்லைன் எண்ணை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகலாமா என்பது. முடியாது. மார்த்தாண்டம், கருங்கல் என்று 04651க்குள்ளேயே மாறினால் அதே எண் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்; பழைய செம்புக் கம்பியில் அது எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தது, ஃபைபர் இணைப்பில் வாய்ப்பு அதிகம். 04652க்குப் போனால் கோடே வேறு, எண்ணும் வேறு. தொழில்நுட்பம் இதைத் தடுக்கவில்லை. ஃபைபர் போனில் பேச்சு இன்டர்நெட் மாதிரிதான் ஓடுகிறது. எண்ணை எந்த ஊரில் வேண்டுமானாலும் அடிக்க வைக்கலாம். தடுப்பது பழைய கட்டணத் துண்டுகள். கட்டண வித்தியாசம் செத்துப் பல வருஷம் ஆகியும் துண்டு மட்டும் நிற்கிறது. இதை மாற்ற 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. துண்டுக்குப் பதில் முழு சர்க்கிளையும் ஒரே பகுதியாக எடுத்துக்கொள்வது, லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்கு எப்போதும் 0, கோடு, எண் மூன்றையும் சேர்த்தே டயல் செய்வது, இருக்கிற எண்களை மாற்றாமல் வைப்பது என்பவை அதன் சாரம். என் அபிப்பிராயத்தில் இது எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம்.

இன்றைக்கு மாறுவதாக இருந்தால், பழைய இணைப்பை உடனே சரண்டர் செய்யாதீர்கள். புது எண் கையில் வந்த பிறகு, பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளைக் கொஞ்ச நாள் அப்பாவின் மொபைலுக்கு ஃபார்வர்டு செய்து வையுங்கள். யார் யார் இன்னும் அந்த எண்ணில் கூப்பிடுகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பேங்க், கேஸ் ஏஜென்சி, எல்.ஐ.சி. மூன்றிலும் புது எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் சரண்டர் மனு கொடுங்கள். டெபாசிட் பாக்கி இருந்தால் ரசீதோடு அதையும் கேட்டு வாங்குங்கள்.